பம்பருக்கு வலை போடக் கொடுத்தேன், கண்டென்சரில் ஓட்டையோடு வாங்கி வந்தேன்

நேற்று ஒரு நண்பர் போனில் படம் ஒன்றை அனுப்பி, “இது உங்க வண்டிதானே? இந்தக் கடையிலதான் நானும் முன் பம்பருக்கு வலை கிரில் போடலாம்னு இருக்கேன், எப்படி?” என்று கேட்டார். படத்தில் இருந்தது என் வண்டியேதான். நம்பர் பிளேட்டை மட்டும் அழித்திருந்தார்கள். வருகிறவர்களுக்கு ‘நாங்க செஞ்ச வேலை’ என்று அந்தக் கடைக்காரர் காட்டும் படங்களில் நானும் சேர்ந்துவிட்டேன். நண்பருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கடைப் பெயர் போடவில்லை. இப்படி வேலை செய்கிற கடை அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் வண்டியின் முன் பம்பரில் கீழே அகலமாக ஒரு திறப்பு. குறுக்கே மூன்று பிளாஸ்டிக் பட்டைகள், அவ்வளவுதான். குனிந்து பார்த்தால் ஏசி கண்டென்சர் (ஏசி கேஸின் சூட்டைக் காற்றில் விடும் பாகம்) அப்படியே தெரியும். முன்னால் போகிற லாரி கிளப்பிவிடும் கல்லெல்லாம் நேராக அதன் மேல்தான். மெல்லிய அலுமினியத் தகடுகள் அங்கங்கே சாய்ந்து, பல் வளைந்த சீப்பு மாதிரி இருந்தன. ஒரு வலை போட்டால் கல் படாது, சருகு போகாது, பார்க்கவும் மிடுக்காக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது காரணம்தான் உண்மையில் முதல் காரணம், ஒப்புக்கொள்கிறேன்.

கடையில் ஒரு மாதிரித் துண்டைக் கையில் கொடுத்தார்கள். கனமான கம்பி, விரல் நுனி நுழையும் கண்கள், சீரான கறுப்பு. “அசல் எவர்சில்வர் சார், ஆயுசுக்கும் துரு பிடிக்காது. பம்பரைக் கழட்டி, உள்பக்கமா கிளாம்ப் போட்டு மாட்டுவோம். ஒரிஜினல்ல ஒரு கீறல் விழாது” என்றார். எல்லாம் வாய்ப்பேச்சு. பில்லில் ‘முன் கிரில் வேலை’ என்று மூன்றே வார்த்தைகள். நானும் அதைப் படித்துப் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

மாலையில் போய்ப் பார்த்தபோது வண்டி அழகாகத்தான் இருந்தது. கண்கள் மட்டும் மாதிரியில் பார்த்ததைவிட ரொம்பச் சின்னதாகத் தெரிந்தன. கேட்டதற்கு, “சின்னதா இருந்தாதான் சார் கல்லு போகாது” என்று பதில் வந்தது. சரி, அதுவும் நியாயம்தானே என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. அன்று எனக்குத் தெரியாது, பிறகு ஸ்கேலை வைத்து அளந்தபோதுதான் புரிந்தது. 1 மி.மீ. கம்பி, கண் 10 மி.மீ. என்றால் வலைப் பரப்பில் 83 சதவீதம் திறந்திருக்கும். அதே கம்பியில் கண் 3 மி.மீ. என்றால் 56 சதவீதம்தான். அதன் மேல் பெயின்ட்டை இரண்டு மூன்று கை அடித்து, கம்பியே ஒன்றரை மி.மீ. தடிமன் ஆகி, கண் அந்த அளவு சுருங்கிவிட்டால் 39 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எனக்குப் போட்டது இந்தக் கடைசி ரகம். கண்டென்சருக்கும் அதன் பின்னால் இருக்கிற ரேடியேட்டருக்கும் போக வேண்டிய காற்றுக்குப் பாதிக் கதவைச் சாத்தியாயிற்று. வேகமாகப் போகும்போது காற்று தானாக அடித்துக்கொண்டு போகும். சிக்னலில் நிற்கும்போது ஃபேன் இழுக்கிற காற்றுதான், அப்போதுதான் இந்தக் குறை தெரியும்.

தெரியவும் செய்தது. ஆனால் அதற்கு முன்பே வேறு இரண்டு கோளாறுகள் வந்துவிட்டன. முதல் வாரமே வேகம் எடுத்தால் முன்பக்கம் ஒரு ‘கிர்ர்ர்’. ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டால், தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்டது மாதிரி. அப்புறம் ஒரு நல்ல மழை. மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளைப் பம்பரில், வலையின் கீழ் ஓரத்திலிருந்து ஐந்தாறு செம்மண் நிறக் கோடுகள், கண்மை கரைந்து வழிந்த மாதிரி. ஆயுசுக்கும் துரு பிடிக்காத எவர்சில்வரின் ஆயுசு மூன்று வாரம்.

போய்க் கேட்டேன். “அது வலையில இல்ல சார், ரோட்டுத் தண்ணி அப்படி” என்றார். சத்தத்துக்கு, “புதுசுல இருக்கும், போகப் போக செட் ஆயிடும்” என்றார். ஏசி சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பாக வருகிறதே என்றதற்கு, “கேஸ் கம்மியாயிருக்கும், ஃபில் பண்ணிக்கங்க” என்றார். நானும் நம்பி வேறோர் இடத்தில் கேஸ் போட்டேன். இரண்டு வாரம் ஜில்லென்று இருந்தது, பிறகு மொத்தமாகப் போய்விட்டது. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. சட்டென்று குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கேஸ் போட்டவராவது கசிவைப் பார்த்திருக்க வேண்டும், அவரும் பார்க்கவில்லை.

கடைசியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். பம்பரைக் கழற்றி, துணி விரித்துக் கவிழ்த்து வைத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மூன்று பிளாஸ்டிக் பட்டைகளையும் வெட்டியெறிந்திருந்தார்கள். வெட்டிய முனைகள் கிரைண்டர் சூட்டில் உருகிக் கட்டி கட்டியாக நின்றன. கிளாம்ப் என்று ஒன்றுகூட இல்லை. பாதி இடத்தில் க்ளூ கன் பசை. விரலால் நெம்பினால் முழு நீளத்துக்கு உரிந்து வந்தது. பம்பரின் உள்பக்கம் அது என்ன பிளாஸ்டிக் என்று அச்சிலேயே எழுதியிருக்கிறது, பாலிபுரொப்பிலீன் கலவை. சாதாரணப் பசை எதுவும் அதன் மேல் சரியாக ஒட்டாது, அதற்கென்று தனி பிரைமர் வேண்டும். பசை விட்ட இடத்தில்தான் வலை பம்பரில் உரசி அந்த வண்டுச் சத்தம். வலையின் வெட்டுவாயில் பெயின்ட்டும் இல்லை. வெறும் இரும்புக் கம்பி, மொரமொரவென்று துரு.

மீதி இடத்தில் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ, தானே துளைத்துக்கொண்டு ஏறும் கூர்முனை ரகம். எல்லாம் ஒரே நீளம், ஒன்றரை அங்குலம். கையில் கிடைத்த டப்பாவிலிருந்து எடுத்து அடித்திருக்கிறார்கள். பம்பரைக் கழற்றும் அவசரத்தில் பம்பரைப் பிடித்து நிறுத்தும் இடது ஓரத்துப் பிராக்கெட்டை உடைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அழுத்தி மாட்டியிருக்கிறார்கள். அதனால் மேடு பள்ளம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பம்பர் உள்ளே போய்ப் போய் வந்திருக்கிறது. அதோடு சேர்ந்து ஒரு ஸ்க்ரூ முனை கண்டென்சர் குழாயில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். நாணயம் அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கேறிய கறுப்புப் புழுதி, அதன் நடுவில் குண்டூசி முனை அளவு ஒரு பளபளப்பு. கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் கசிவதால்தான் அந்த இடத்தில் அழுக்கு ஒட்டுமாம். கல் படக் கூடாது என்று போட்ட வலை, எந்தக் கல்லும் செய்யாததைச் செய்துவிட்டது.

இன்னொன்று. கொஞ்ச நாளாகவே மீட்டரில் வெளி வெப்பநிலை ஏழெட்டு டிகிரி கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. வெயில் என்று நினைத்திருந்தேன். வெட்டிய பட்டைகளில் ஒன்றில்தான் அந்த சென்சார் மாட்டியிருந்தது. அதை ஒயரோடு பின்னால் தள்ளிவிட்டிருந்தார்கள், அது ரேடியேட்டர் பக்கம் தொங்கிக்கொண்டு அனலைக் குடித்துக்கொண்டிருந்தது.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அந்தப் பட்டைகள் பம்பரோடு வார்த்தவை இல்லை. தனித் துண்டு. ஆறு லாக்கை அமுக்கினால் கழன்று வரும். அதன் பின்பக்கம் வலையை வைத்துக் கட்டி, திரும்ப மாட்டியிருக்கலாம், எதையும் வெட்டியிருக்க வேண்டாம். மெக்கானிக் பிறகு எனக்கு அப்படித்தான் செய்து கொடுத்தார். புதுத் துண்டு வாங்கி, கண் 10 மி.மீ. உள்ள அலுமினிய வலையை ஓரம் மடித்து, பிளாஸ்டிக் டையால் கட்டி, கண்டென்சருக்கும் வலைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு. கண்டென்சரும் புதிது. அதோடு ஏசி குழாயில் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, வேக்குவம் போட்டு உள்ளே இருந்த காற்றை இழுத்துவிட்டு, வண்டியின் ஏசி ஸ்டிக்கரில் இருந்த எடைக்கு கேஸ் ஏற்றினார். மொத்தச் செலவு வலை போட்ட கூலியைப் போலப் பல மடங்கு.

ஸ்க்ரூவையும் படங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “கழட்டின இடத்துல பண்ணியிருப்பாங்க சார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வேண்டுமானால் துருவுக்கு இலவசமாக பெயின்ட் அடித்துத் தருகிறாராம். வேலைக்கு முன்னால் பம்பரின் உள்பக்கத்தை நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. எந்த வலை, எந்தப் பொருள், எப்படி மாட்டுவார்கள் என்று எழுதியும் வாங்கவில்லை. அதற்கு மேல் பேச என்னிடம் என்ன இருக்கிறது?

நண்பரின் வண்டியில் முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானாக வேகம் குறைக்கும் வசதி இருக்கிறது. அதன் ரேடார் பம்பரின் கீழ்த் திறப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் முன்னால் இரும்போ அலுமினியமோ எந்த உலோக வலை வந்தாலும் அதற்குக் கண் கட்டியது மாதிரிதான். கடையில் இதைச் சொன்னார்களா என்று கேட்டேன். “ரேடாரா? அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னாங்களே” என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். திரும்பக் கேட்கப் போயிருக்கிறார்.

என் பம்பரின் இடது ஓரம் இன்னும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகித்தான் நிற்கிறது. அந்தப் பிராக்கெட் ஸ்டாக் இல்லையாம், சொல்லி வைத்திருக்கிறேன்.