ஆசிரியர் வாசித்துக் காட்டுவதா, பிள்ளையே எடுத்துப் படிப்பதா?

தொடக்கப் பள்ளியில் வாசிப்பு ஆசையை வளர்க்க இரண்டு வழிகள். ஒன்று, ஆசிரியர் தினமும் பத்து நிமிடம் கதையை உரக்க வாசிப்பது. மற்றது, கைக்கெட்டும் உயரத்தில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டு, பிள்ளைகளே எடுத்துப் படிக்க விடுவது.

எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைக்கு முதல் வழி பெரிய கொடை. எழுத்தோடு மல்லுக்கட்டாமல் நேரே கதைக்குள் போய்விடுகிறது. பாடநூலில் வராத சொற்கள் காதில் விழுகின்றன. விறுவிறுப்பான இடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள், வாயே திறக்காத பிள்ளையும் பேசும். தயவுசெய்து அதன் பிறகு வினா-விடை எழுதச் சொல்லிவிடாதீர்கள். குறை ஒன்றுதான்: கதையும் வேகமும் ஆசிரியருடையவை.

இரண்டாவதில் விருப்பம் பிள்ளையுடையது, பிடிக்காததைப் பாதியில் வைத்துவிடலாம். ஆனால் நிலைக்கேற்ற நூல் வேண்டும். தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருப்பது இங்கே உதவும். கிழிந்துவிடுமே என்று பீரோவில் பூட்டினால் எதுவும் நடக்காது.

1, 2ஆம் வகுப்புகளுக்கு என் தெரிவு உரக்க வாசிப்பு. வாசித்த புத்தகத்தை அன்றே கயிற்றில் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் தேடி எடுப்பார்கள்.