அறிவியல் வரலாறு படிக்க: கேம்பிரிட்ஜா, பிட்ஸ்பர்கா, இங்கேயேவா?

எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் மாணவி ஒருத்தி போன மாதம் வந்து கேட்டாள்: "சார், எனக்குக் கணக்குப் போடுறது பிடிக்கும். ஆனா இதெல்லாம் யாருக்கு, எப்படித் தோணுச்சுன்னு தெரிஞ்சுக்கறதுதான் இன்னும் பிடிக்குது. அதை மட்டும் படிக்க முடியுமா?" முடியும். அறிவியல் வரலாறும் மெய்யியலும் (தத்துவமும்) என்று அதற்கென ஒரு துறையே இருக்கிறது. எங்கே போய்ப் படிப்பது என்பதில்தான் குழப்பம். அவளுக்காக எடுத்த குறிப்புகளைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இந்தத் துறையில் என்னதான் செய்வார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியிலேயே எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டோம். 18ஆம் நூற்றாண்டில் ஜெனீவாக்காரரான தெ லூக், தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றுவதற்காக நான்கு வாரம் ஒரு குடுவையைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு அதைச் சூடாக்கினால், 112 டிகிரி வரை ஏறிய பிறகுதான் கொதித்தது. கொதிநிலையே இப்படி நகர்ந்தால், வெப்பமானியில் 100 என்ற கோட்டை எங்கே கிழிப்பது? ஒப்பிட்டுப் பார்க்க வேறு வெப்பமானியே இல்லாத காலத்தில், கையில் இருப்பது சரியானது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பின்னாளில் கேம்பிரிட்ஜில் பேராசிரியரான ஹாசோக் சாங் இந்தக் கேள்வியை வைத்தே 2004இல் ஒரு முழு நூல் எழுதினார். இதைப் படித்ததும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டால், மேலே படியுங்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்தே தொடங்கலாம். அங்கே இத்துறை இருப்பது ஃப்ரீ ஸ்கூல் லேன் என்ற குறுகிய தெருவில். புகழ்பெற்ற இயற்பியல் ஆய்வகமான பழைய கேவண்டிஷும் அதே தெருவில்தான் இருந்தது. துறையோடு ஒட்டியே விப்பிள் அருங்காட்சியகம் இருக்கிறது. ராபர்ட் விப்பிள் என்பவர் தன் அறிவியல் கருவிகளின் சேகரிப்பை 1944இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க, அதிலிருந்து வளர்ந்தது. பழைய கருவிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பது சும்மா புத்தகத்தில் படம் பார்ப்பது போல இல்லை.

படிப்பு எம்.ஃபில்., ஒன்பதே மாதம். கட்டுரைகளும் ஓர் ஆய்வேடும்தான் மதிப்பீடு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அக்டோபரில் போய் இறங்கி, ஊரும் குளிரும் பழகுவதற்குள் ஆய்வேட்டுத் தலைப்பைச் சொல்லியாக வேண்டும். தலைப்பை இங்கிருந்தே கொண்டுபோகிறவர்களுக்குத்தான் அந்த ஒன்பது மாதம் போதும்.

பணம்தான் பெரிய தடை. 2000இல் தொடங்கிய கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகை கட்டணம், தங்கும் செலவு, விமானச் செலவு எல்லாவற்றையும் ஏற்கும். போட்டி கடுமை. படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால்? வீட்டை அடகு வைத்து இந்த எம்.ஃபில். படிக்கப் போகாதீர்கள். முடித்த கையோடு அந்தக் கடனை அடைக்கிற சம்பளம் இந்தத் துறையில் வராது. என் மாணவியிடமும் இதை ஒளிக்காமல்தான் சொன்னேன்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வேறு மாதிரி. 1960இல் மெய்யியலாளர் அடால்ஃப் குருன்பாம் அங்கே அறிவியல் மெய்யியல் மையத்தைத் தொடங்கினார். 1971இல் தனித்துறை வந்தது. 42 மாடி கதீட்ரல் ஆஃப் லேர்னிங் கட்டடத்தில் துறை இயங்குகிறது. ருடால்ஃப் கார்னப், ஹான்ஸ் ரைஷன்பாக், ஃபிராங்க் ராம்சே ஆகிய மெய்யியலாளர்களின் கையெழுத்துப் பிரதிகள் அந்தப் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் உள்ளன. காலமும் வெளியும் என்றால் என்ன, ஒரு சோதனை ஒரு கோட்பாட்டை எந்த அளவுக்கு உறுதிசெய்கிறது போன்ற கேள்விகள் உங்களைப் பிடித்து ஆட்டுகின்றன என்றால் அதுதான் இடம். இந்தியாவில் முதுகலை முடித்தவர் அங்கே நேரே பிஎச்.டி.க்கே விண்ணப்பிக்கலாம். சேர்ந்துவிட்டால் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை வரும், பதிலுக்கு வகுப்பெடுக்க வேண்டியிருக்கும். ஐந்தாறு வருடம் ஆகும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு கேம்பிரிட்ஜைவிட பிட்ஸ்பர்க் எட்டக்கூடியது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் வருடத்துக்கு எடுப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய பேர். நம் அறிவியல் மாணவர்கள் சறுக்குவது எங்கே தெரியுமா? விண்ணப்பத்தோடு இருபது பக்கம் அளவில் ஒரு வாதக் கட்டுரை அனுப்ப வேண்டும். எம்.எஸ்சி. வரை நம் பிள்ளைகள் அப்படி ஒரு கட்டுரை எழுதியதே இல்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை அனுப்பினால் வேலைக்கு ஆகாது. ஒரு கேள்வி, அதற்கு உங்கள் பதில், அதற்கு எதிராக எழக்கூடிய வாதம், அதை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று போக வேண்டும். அதை எழுதிப் பழகவே ஆறு மாதம் ஒதுக்குங்கள். வேறு படிப்பிலிருந்து வருகிறோமே என்று தயங்க வேண்டாம். அத்துறையின் ஜான் நார்ட்டன் முதலில் வேதிப் பொறியியல் படித்தவர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தவர். ஐன்ஸ்டீனைப் பற்றிய அவரது பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்ணப்பிக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் படித்துப் பாருங்கள்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் இரண்டுக்கும் நடுவில். இரண்டு வருட முதுகலை, ஆங்கிலத்திலேயே நடக்கிறது, நிதானமாகப் படிக்கலாம். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு என்பதால் அங்கும் உதவித்தொகை இல்லாமல் இறங்க முடியாது.

சரி, இங்கே? இந்தப் பெயரில் தனித்துறையைத் தேடினால் ஏமாற்றம்தான். மானுடவியல், சமூக அறிவியல் துறை (Humanities and Social Sciences) என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால்தான் இது ஒளிந்திருக்கிறது. ஐஐடிகளின் அந்தத் துறைகளில் பிஎச்.டி. செய்யலாம். மும்பை ஐஐடியில் சமஸ்கிருதக் கணித, வானியல் நூல்களை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அறிவியல் கற்பித்தலோடு சேர்த்துப் பார்க்க விரும்பினால் மும்பை மான்குர்தில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். ஒரு சிக்கல்: நெட்டை முதுகலையில் எடுத்த பாடத்தில் எழுதச் சொல்கிறார்கள், இயற்பியல் படித்தவர் மெய்யியலில் எழுதுவது சிரமம். அதற்கு வழி கேட் (GATE) தேர்வு. 2021 முதல் அதில் மானுடவியல், சமூக அறிவியல் தாள் இருக்கிறது, மெய்யியலும் அதில் ஒரு பிரிவு. எந்தப் பட்டதாரியும் எழுதலாம். அதை ஏற்கிற துறைகளைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

இங்கே இருப்பதில் பெரிய லாபம் மூலப்பொருள். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த எண்சுவடியை, அதாவது பழைய வாய்ப்பாட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அந்த முந்திரியையும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், அதைப் படிக்கவே தனிப் பயிற்சி வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் செந்தில் பாபு இந்தக் கணக்கு மரபை வைத்தே நெடுங்காலம் ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதியிருக்கிறார். இந்த வேலைக்குத் தமிழும் கணிதமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். பிட்ஸ்பர்கில் அப்படி எத்தனை பேர் கிடைப்பார்கள்?

ஒரே தலைப்பை வைத்து இந்த இடங்களை உரசிப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும். சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் கருவியைத் தாங்கிய தூண் அது. தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனை, கண்டறிந்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது மக்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதினார். அவரைப் பற்றி ஆராய வேண்டுமா? வானாய்வகத்தின் ஆவணங்கள் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் உள்ளன. அவருடைய மேலதிகாரிகள் அண்ணாந்து பார்த்த இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தின் ஆவணங்களோ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில். ஆகவே இந்தத் தலைப்புக்கு இங்கே பிஎச்.டி.யில் சேர்ந்துவிட்டு, நடுவில் சில மாதம் கேம்பிரிட்ஜ் போய் வருவதே பொருத்தம். பிட்ஸ்பர்க் இதற்குச் சரிவராது. அதே ஆள் குவாண்டம் கோட்பாட்டில் அளவீடு என்றால் என்ன என்று கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டு பிட்ஸ்பர்க் என்பேன்.

என் மாணவிக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தூணைப் போய்ப் பார்க்க விடுவாங்களா சார்?" அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன்.