பவுணுக்கு எத்தனை ரூபா, எந்தத் திகதிக்கு?

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் வரிசையாக வங்கிக் கவுண்டர்கள். பலகையில் பிரித்தானியப் பவுணுக்கு நேரே இரண்டு இலக்கம் இருக்கும்: வாங்கும் விலை, விற்கும் விலை. இரண்டும் வங்கியின் பக்கத்திலிருந்து வைத்த பெயர்கள். உங்கள் பவுணை வங்கி வாங்குகிறது, ஆகவே குறைந்த இலக்கம்தான் உங்களுக்கு. இணையத்தில் பார்த்துவிட்டு வரும் இலக்கம் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அந்த விலைக்கு எந்தக் கவுண்டரும் மாற்றித் தராது. 'ஏமாத்திப்போட்டாங்கள்' என்று எழும் சண்டைகளில் பாதி இதனால்தான். கணக்குக்கு நேரே வரும் காசுக்கு ஒரு விலை, தாளுக்கு அதைவிடக் குறைந்த விலை என்பதும் உண்டு. தாளை எண்ணிச் சோதித்து வைத்திருப்பதற்கு வங்கிக்குச் செலவாகிறது.

வாகனத்துக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியதை மட்டும் விமான நிலையத்தில் மாற்றினால் போதும். மிச்சத்தை யாழ்ப்பாணத்தில் மாற்றலாம். ஆஸ்பத்திரி வீதி வங்கிகளில் இரண்டைக் கேட்டு, அனுமதி பெற்ற நாணய மாற்றுக்காரர் ஒருவரிடமும் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள், பற்றுச்சீட்டு இல்லாமல் எழும்பாதீர்கள்.

தாள் விஷயத்தில் பலர் மாட்டுப்படுகிறார்கள். கடதாசியில் அடித்த 20, 50 பவுண் தாள்கள் 2022 செப்டெம்பர் 30 உடன் செல்லாமற்போயின. லண்டன் அலுமாரியில் கிடந்ததைக் கொண்டுவந்தால் இங்கே மாற்ற வழியில்லை, திரும்பிப் போய் இங்கிலாந்து வங்கியிடம் (Bank of England) கொடுத்து மாற்றலாம். ஸ்கொட்லாந்து வங்கிகள் அடித்த தாள்களையும் கொண்டுவராதீர்கள். மன்னர் சார்ள்ஸ் படம் போட்ட தாள் 2024 ஜூனில் வந்தது. மகாராணி படம் போட்ட பிளாஸ்டிக் தாளும் செல்லும். பேனைக் கிறுக்கலும் கிழிசலும் இல்லாத தாள்களாகப் பார்த்து எடுத்து வாருங்கள்.

ஏ.ரி.எம். இயந்திரம் 'பவுணில் கழிக்கவா, ரூபாவில் கழிக்கவா' என்று கேட்டால் ரூபா என்றே அழுத்துங்கள். பவுண் என்று அழுத்தினால் விலையை நிர்ணயிப்பது இயந்திரத்துக்காரர்.

இனி விலையின் பழைய கதை. 'எங்கட காலத்தில பவுண் பதின்மூன்று ரூபா' என்று பெரியவர்கள் சொல்வது மிகையல்ல. ஒரு ரூபா ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 18 பென்ஸ். அந்தக் காலத்துப் பவுணுக்கு 240 பென்ஸ். வகுத்தால் 13.33 வரும். 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாவைக் குறைத்தபோது இலங்கை அசையவில்லை. இரண்டு ரூபாவும் ஒரே மதிப்பு என்ற நெடுநாள் வழக்கம் அத்துடன் முறிந்தது. 1967 நவம்பரில் பவுண் 14.3 வீதம் விழ, இலங்கை ரூபா 20 வீதம் விழுந்தது. பவுண் 14.28 ஆனது இப்படித்தான். 1968 முதல் 1977 வரை பொருளுக்கேற்ப இரண்டு விலை நடந்தது. அந்தக் காலத்துக் கணக்கு எதையாவது பார்ப்பவர் எந்த விலையில் மாற்றப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். 1977 நவம்பரில் இரண்டையும் ஒன்றாக்கியபோது டொலர் ஏறக்குறைய 16, பவுண் முப்பதுக்குக் கிட்ட. 2001 ஜனவரியில் ரூபாவை மிதக்க விட்டார்கள்.

2022 எல்லாருக்கும் நினைவிருக்கும். 200 சொச்சத்தில் பிடித்து வைத்திருந்த டொலரை மார்ச்சில் விட்டதும், மே மாதத்தில் 360 ஆனது. பவுண் 270 அளவிலிருந்து 450க்குப் போனது. ஆனால் அதே ஆண்டு செப்டெம்பர் கடைசி வாரத்தில் கொழும்பில் டொலர் அசையாமல் இருக்க, பவுண் மட்டும் 400க்குக் கீழே வந்தது. காரணம் லண்டன்: அந்த வாரம் பவுண் 1.04 டொலருக்கும் கீழே தொட்டுவிட்டு வந்தது. பவுண்–ரூபா விலை டொலர் வழியாக வருவது. லண்டனில் பவுணுக்கு எத்தனை டொலர், கொழும்பில் டொலருக்கு எத்தனை ரூபா, இரண்டையும் பெருக்கினால்தான் பலகை இலக்கம். கொழும்புச் செய்தியை மட்டும் பார்த்துக் காத்திருப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

காணி விற்க வருகிறவருக்குப் பழைய விலை வேறு விதத்தில் தேவைப்படும். பிரித்தானிய வரிக்கு, வாங்கிய தொகையை வாங்கிய திகதி விலையிலும் விற்ற தொகையை விற்ற திகதி விலையிலும் தனித்தனியே பவுணாக்க வேண்டும். உதாரணத்துக்கு, 1995இல் பவுண் 80 ரூபா அளவில் இருந்தபோது 5 இலட்சத்துக்கு வாங்கிய காணி 6,250 பவுண். 2024இல் 385 ரூபாப்படி 50 இலட்சத்துக்கு விற்றால் 12,987 பவுண். லாபம் 6,737. ரூபாவில் 45 இலட்சம் லாபம் என்று எடுத்து, அதை விற்ற திகதி விலையால் வகுப்பவர் 11,688 என்று எழுதி, இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவார்.

திகதி விலையை எடுக்க வங்கிக் கிளையில் நிற்க வேண்டியதில்லை. ஒரு கிளையில் கேட்டபோது 'தலைமையகத்துக்கு எழுதுங்கோ' என்பதுதான் பதில். மத்திய வங்கி இணையத்தளத்தின் நாணய மாற்று விகிதப் பக்கத்தில் நாணயத்தையும் திகதி வரம்பையும் தெரிவுசெய்தால் பட்டியல் வரும். ஞாயிறு, போயா நாட்களுக்கு இலக்கம் இராது; முந்தைய வேலை நாளை எடுத்து, அப்படி எடுத்ததைக் குறித்து வையுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத பழைய காலத்துக்கு மத்திய வங்கி ஆண்டறிக்கைகளின் புள்ளிவிவரப் பின்னிணைப்பு உதவும். பிரித்தானிய வரித் திணைக்களமும் மாத விலைகளையும் ஆண்டுச் சராசரியையும் வெளியிடுகிறது. எதை எடுத்தாலும் கணக்கு முழுவதும் அதே மூலத்தில் நில்லுங்கள்.

கிளையில் கேட்க வேண்டியது வேறு. காணி வாங்க அனுப்பிய காசு வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்தது என்பதற்கான அறிவிப்புப் பத்திரத்தின் பிரதி. கணக்குப் புத்தகத்தில் ரூபா மட்டுமே பதிவாகியிருக்கும், அனுப்பிய பவுண் இராது. என்.ஆர்.எவ்.சி. (வதியாதோர் வெளிநாட்டு நாணயக் கணக்கு) என்று எழுதிய பழைய புத்தகம் கையில் இருந்தால், 2017ஆம் ஆண்டு 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குப் பிறகு அந்த வகைக் கணக்குக்குப் பெயரே மாறிவிட்டது. தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று கேளுங்கள். வங்கி வழியாக அல்லாமல் உண்டியலில் வந்த காசுக்கு இந்தப் பத்திரம் ஒருநாளும் கிடைக்காது.

மிஞ்சிய ரூபாவைத் திரும்பப் பவுணாக்க, முதல் மாற்றியபோது தந்த பற்றுச்சீட்டைக் கேட்பார்கள். கடவுச்சீட்டுக்குள் மடித்து வையுங்கள். இந்த முறை உங்களுக்கு விற்கும் விலைதான்.