மும்பையில் ஃபிளாட் வைத்திருப்பவர்களே, சொசைட்டி கேட்கும் ‘டொனேஷன்’ விஷயத்தில் ஜாக்கிரதை

மும்பை, தானே, நவிமும்பை பக்கம் பெற்றோர் வாங்கிப்போட்ட ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊரில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அப்பா இறந்த பிறகு எங்கள் ஹவுசிங் சொசைட்டி (வீட்டுச் சொந்தக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம்) கமிட்டி எங்களிடம் எப்படியெல்லாம் பணம் கறக்கப் பார்த்தது, மறுத்ததும் என்னென்ன செய்தது என்று சொல்கிறேன். சொசைட்டியின் பெயர் வேண்டாம். ஃபிளாட் இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஒரு வழக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். மத்திய ரயில் பாதையில் ஒரு புறநகரில் ஒரு பெட்ரூம் வீடு வாங்கினார். அவர் போனதும் அம்மா என்னோடு கோயம்புத்தூர் வந்துவிட்டார். வீட்டை வேலைக்குப் போகும் இரண்டு பையன்களுக்கு விட்டோம். லீவ் அண்ட் லைசன்ஸ் ஒப்பந்தத்தை (அங்கே வழக்கமான வாடகை ஒப்பந்தம்) முறைப்படி பதிவு செய்தோம் (மகாராஷ்டிராவில் 1999 வாடகைச் சட்டப்படி இது கட்டாயம், பதிவு செய்யவேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது). போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து, நகலை சொசைட்டி ஆபீஸிலும் சேர்த்தோம்.

அடுத்து ஷேர் சர்டிபிகேட்டை (சொசைட்டி உறுப்பினர் என்பதற்கான சான்று) அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். அப்பா நாமினேஷன் போட்டு வைத்திருந்தார். நானும் தங்கையும் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்தோம். இதற்கு மேல் சிக்கல் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் செக்ரட்டரி சிரித்த முகத்தோடு இரண்டு லட்சம் கேட்டார். ‘பில்டிங் டெவலப்மென்ட் ஃபண்டு’ என்று பெயர். எல்லோரும் கொடுத்திருக்கிறார்களாம், ஏஜிஎம்மில் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) தீர்மானமே இருக்கிறதாம். “ஆப் தோ சமஜ்தார் ஹை” (நீங்கள் விவரம் தெரிந்தவர்தானே) என்று தோளில் வேறு தட்டினார். ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்த ஒரு கடிதத்தையும் நீட்டினார். அதில், நான் யாருடைய கட்டாயமும் இல்லாமல் சொந்த விருப்பத்தில் இந்த நன்கொடையைக் கொடுக்கிறேன் என்று இருந்தது.

பதிவின் முக்கியமான எச்சரிக்கை இதுதான்: அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கொடுத்தே ஆகவேண்டிய அவசரம் இருந்தால்கூட, அந்த வாசகத்தோடு போடாதீர்கள். பிறகு நீங்கள் எங்கே போய் முறையிட்டாலும் அவர்கள் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தத் தாளைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? மகாராஷ்டிரா அரசின் 9 ஆகஸ்ட் 2001 உத்தரவுப்படி, மாநகராட்சிப் பகுதியில் ஒரு ஃபிளாட் கைமாறும்போது சொசைட்டி வாங்கக்கூடிய டிரான்ஸ்பர் பிரீமியம் அதிகபட்சம் 25,000 ரூபாய். அதுவும் வெளியாளுக்கு விற்கும்போது மட்டும். குடும்பத்துக்குள் மாற்றினாலோ, இறந்தவரின் நாமினிக்கோ வாரிசுக்கோ போனாலோ பிரீமியமே கிடையாது. டிரான்ஸ்பர் ஃபீ 500 ரூபாய், நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், அவ்வளவுதான். டொனேஷன், கார்ப்பஸ் ஃபண்டு, அமெனிட்டி ஃபண்டு என்று பெயரை மாற்றிக் கேட்டாலும் இதற்கு மேல் வாங்க முடியாது. ஏஜிஎம் தீர்மானம் அரசு உத்தரவுக்கு மேலானது இல்லை.

இரண்டாவது கொள்ளை மாதாந்திர பில்லில் இருந்தது. வீட்டில் சொந்தக்காரர் குடியிருக்கவில்லை என்று நான்-ஆக்குபன்சி சார்ஜ் மாதம் 3,000 போட்டிருந்தார்கள். 1 ஆகஸ்ட் 2001 உத்தரவுப்படி இது சர்வீஸ் சார்ஜில் (பொதுச் சேவைச் செலவுக்கான தொகை) 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கவனியுங்கள், மொத்த பில்லில் அல்ல, சர்வீஸ் சார்ஜில் மட்டும். சொத்து வரி, தண்ணீர், சிங்கிங் ஃபண்டு (பின்னாளைய பெரிய செலவுக்கான சேமிப்பு), ரிப்பேர் ஃபண்டு எல்லாம் இதில் சேராது. எங்கள் சர்வீஸ் சார்ஜ் 2,400. ஆக, வாங்கக்கூடியது 240 ரூபாய். பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய உறவினர் குடியிருந்தால் அதுவும் கிடையாது. நிலுவைக்கு 24 சதவீதம், அதுவும் கூட்டுவட்டி போட்டிருந்தார்கள். மாதிரி பைலா (சொசைட்டிகளுக்கான மாதிரி விதிகள்) அப்போது அனுமதித்தது அதிகபட்சம் 21 சதவீதம், தனிவட்டி.

இதையெல்லாம் எழுத்தில் கேட்டதும்தான் தொல்லை ஆரம்பித்தது. நோட்டீஸ் போர்டில் இறந்துபோன அப்பாவின் பெயரை டிஃபால்டர் என்று எழுதி ஒட்டினார்கள். அம்மாவுக்கு அதை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள், அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. அப்பாவின் பார்க்கிங் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். வாடகைக்கு இருந்த பையன்களை ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது வாட்ச்மேனை விட்டு கேட்டில் நிறுத்தி வைத்தார்கள். “பேச்சிலர்களுக்கு என்ஓசி கொடுக்கவில்லை” என்பது காரணம் (என்ஓசி என்றால் ஆட்சேபணை இல்லை என்ற சான்று). கடைசியில் ‘ரிப்பேர்’ என்று சொல்லி எங்கள் வீட்டுக்குப் போகும் தண்ணீர் வால்வை மட்டும் மூடினார்கள். மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

வாடகைக்கு விட சொசைட்டியின் முன் அனுமதி தேவையில்லை என்று மாதிரி பைலாவே சொல்கிறது. தகவல் கொடுத்தால் போதும். தண்ணீரைப் பொறுத்தவரை, பணம் பாக்கி என்றாலும் நிறுத்த இவர்களுக்கு உரிமை இல்லை. பாக்கியை வசூலிக்க மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கச் சட்டம் சொசைட்டிக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பிரிவு 154பி-29-இன் கீழ் ரெஜிஸ்ட்ராரிடம் (கூட்டுறவுத் துறைப் பதிவாளர்) மனு போட்டு ரெக்கவரி சர்டிபிகேட் வாங்க வேண்டும். எங்கள் கமிட்டி அந்தப் பக்கமே போகவில்லை. போனால் கணக்கைக் காட்ட வேண்டுமே! ஆனால் அப்படி யாராவது மனு போட்டு உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். சர்டிபிகேட் பிறப்பித்த பிறகு அதை எதிர்த்து ரிவிஷன் (மறுஆய்வு மனு) போக, கேட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் ஒருவர் வந்தார். ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஆள் இருக்கிறது, ஐம்பதாயிரம் கொடுத்தால் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்றார். விசாரித்துப் பார்த்தால் செக்ரட்டரியின் மைத்துனர். அடக் கொடுமையே!

எதற்கு எங்கே போவது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. எல்லாவற்றையும் ஒரே புகாராக எழுதி எல்லா இடத்துக்கும் அனுப்பினால் எல்லோரும் கைகழுவிவிடுவார்கள். உறுப்பினராகச் சேர்க்க மறுப்பது, அதிகப் பிரீமியம், அதிக நான்-ஆக்குபன்சி சார்ஜ், ஆவணங்களைக் காட்டாதது போன்றவை உங்கள் பகுதி டெபுடி ரெஜிஸ்ட்ராரிடம் போகும். பார்க்கிங், கமிட்டித் தீர்மானங்கள் போன்ற தகராறுகள் அதே கூட்டுறவுச் சட்டத்தின் பிரிவு 91-இன் கீழ் கூட்டுறவு நீதிமன்றத்துக்கு. அவசரமென்றால் அங்கே இடைக்காலத் தடையும் கேட்கலாம். நேராக சிவில் கோர்ட்டுக்குப் போனால், இது கூட்டுறவு நீதிமன்ற விவகாரம் என்று பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் தண்ணீர் குறைவாக விடுவது மாநகராட்சியிடம் புகார் செய்யவேண்டிய விஷயம். கேட்டில் மறிப்பது, மிரட்டுவது போலீஸுக்கு. ஒருவர் போக உரிமையுள்ள வழியில் அவரை மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 126-ஆம் பிரிவில் குற்றம். முன்பு ஐபிசி 341 என்று சொல்வார்களே, அதேதான்.

பையன்கள் போய்ப் புகார் கொடுத்தார்கள். போலீஸ் எஃப்ஐஆர் போடவில்லை, என்சி (எஃப்ஐஆர் இல்லாத வெறும் புகார்ப் பதிவு) மட்டும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அந்த நகலோடு மாநகராட்சிக்கு ஒரு கடிதமும், வால்வு மூடியிருந்த வீடியோவும் போனதும் தண்ணீர் வந்துவிட்டது. ரிப்பேர் முடிந்துவிட்டதாம்!

ஷேர் சர்டிபிகேட் விஷயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது அதே கூட்டுறவுச் சட்டத்தின் பிரிவு 22(2). விண்ணப்பம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் சொசைட்டி முடிவைத் தெரிவிக்காவிட்டால் விண்ணப்பித்தவர் உறுப்பினராகிவிட்டதாகவே கருத வேண்டும். செக்ரட்டரிக்கு இது தெரியும். அதனால்தான் விண்ணப்பத்தை வாங்கி ‘இன்வர்ட்’ முத்திரை (பெற்றுக்கொண்டதற்கான அடையாளம்) போடவே மாட்டார். நாங்கள் ரிஜிஸ்டர்டு தபாலில் அக்னாலெட்ஜ்மென்ட்டோடு அனுப்பினோம். செக்ரட்டரி பெயருக்கு அனுப்பாமல் சொசைட்டியின் பதிவு முகவரிக்கு அனுப்புங்கள். செக்ரட்டரி எதையும் போனில் பேசித்தான் முடிக்கப் பார்ப்பார். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும், ‘இன்று நீங்கள் சொன்னது இது’ என்று அவருக்கு ஒரு மெயில் போட்டுவிடுவேன். கொஞ்ச நாளில் போன் வருவதே நின்றுவிட்டது.

இதற்கு நடுவில் மெயின்டனன்ஸை நிறுத்தவே கூடாது. நிறையப் பேர் கோபத்தில் நிறுத்திவிட்டு உண்மையிலேயே டிஃபால்டர் ஆகிவிடுகிறார்கள். அப்புறம் கமிட்டித் தேர்தலில் நிற்கவும் முடியாது, அதிகாரியிடம் பேசும்போது பேச்சிலும் பலம் இருக்காது. நாங்கள் நியாயமான தொகையைக் கணக்குப் போட்டு ஒவ்வொரு முறையும் வங்கி மூலம் அனுப்பினோம். எந்தத் தொகையை ஏன் ஏற்கவில்லை என்று கூடவே ஒரு கடிதம். ஒரு பைசாகூட ரொக்கமாகக் கொடுக்கவில்லை.

கணக்கு கேட்டால் “ஆர்டிஐ போட்டுக்கோ” என்று நக்கல் செய்வார்கள். சொசைட்டியிடம் நேராக ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) பொதுவாகச் செல்லாது. கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் அதனாலேயே பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் டெபுடி ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு ஆர்டிஐ போடலாம். சொசைட்டி அங்கே தாக்கல் செய்த ஆடிட் ரிப்போர்ட் அந்த வழியில்தான் எங்களுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் கொடுத்ததாகச் சொன்ன டொனேஷன்களில் பாதி அதில் இல்லை. அந்தப் பக்கங்களை டெபுடி ரெஜிஸ்ட்ரார் விசாரணையில் வைத்தபோது செக்ரட்டரியின் சிரிப்பைக் காணோம்.

விசாரணை சீக்கிரம் முடியவில்லை. அவர்கள் தரப்பில் வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். கடைசியில் சர்டிபிகேட்டில் அம்மா பெயர் ஏறியது, கூடுதலாக வாங்கிய நான்-ஆக்குபன்சி தொகையைப் பில்லில் கழித்து வருகிறார்கள். பார்க்கிங் வழக்கு கூட்டுறவு நீதிமன்றத்தில் நிற்கிறது. வெளியூரில் இருந்தால் அங்கேயே இருக்கும் நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துவிடுங்கள், மனுவை மராத்தியில் எழுதுங்கள். எங்களுக்கு மும்பை மாட்டுங்காவில் இருக்கும் சித்தப்பா உதவினார்.

இப்போது அவர்கள் கையில் மிச்சமிருக்கும் மிரட்டல், “விற்கும்போது என்ஓசி தரமாட்டோம்” என்பது. மாதிரி பைலாப்படி விற்பதற்கு சொசைட்டியின் என்ஓசி தேவையே இல்லை. ஆனால் வாங்குபவர் லோன் போட்டால் பாங்க் கேட்கும், அங்கேதான் பிடிப்பார்கள். விற்கும் எண்ணம் இருப்பவர்கள் ஆள் பார்ப்பதற்கு முன்பே நிலுவை இல்லை என்ற சர்டிபிகேட்டை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன பிரிவுகளை எடுத்துக்கொண்டு உங்கள் அசோசியேஷனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே பெரும்பாலான அசோசியேஷன்கள் 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானவை. புகார் போகவேண்டியது பத்திரப் பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளரிடம், அவர் விசாரிக்க அதிகாரம் தருவது பிரிவு 36. இதுபோக 2022-ஆம் வருட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் 2024-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் அசோசியேஷன் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள்.