வன்னிக் காணிப் பிணக்குகள்: நீதிமன்றமா, இணக்கசபையா, பிரதேச செயலகமா?

கண்டாவளையிலோ ஒட்டுசுட்டானிலோ ஒருவர் 2010 இல் மீள்குடியேற வந்து, தமது காணியில் இன்னொரு குடும்பம் கொட்டில் போட்டு, தூர்ந்த கிணற்றை இறைத்து, தென்னம்பிள்ளையும் வைத்திருப்பதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது பெர்மிட்டின் (அரசகாணி அனுமதிப்பத்திரத்தின்) நிழற்பிரதி மட்டுமே. மூலம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. உள்ளே இருப்பவரோ போர்க்காலத்தில் தமக்கு அக்காணி பகிர்ந்தளிக்கப்பட்டது என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இத்தகைய பிணக்கை எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது என்பதே இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் குடியியல் நீதிச் சீர்திருத்தம் பற்றிப் பேசும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வியாகும்.

மாவட்ட நீதிமன்றம் முழுமையான தீர்ப்பைத் தருகிறது. உரிமை யாருக்கு என்று பிரகடனம் செய்யவும், ஆணையாளர் அளவை மூலம் எல்லையை நிறுவவும், வெளியேற்றும் கட்டளையை நிறைவேற்றவும் அதனால் முடியும். ஆனால் அது 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் நடையில் நடக்கிறது; வழக்கைத் தொடுத்தவரின் பிள்ளைகள் தவணைக்கு வந்து நிற்பது இங்கே புதினமல்ல. விளக்கத்துக்கு (வழக்கு விசாரணைக்கு) முந்திய கலந்துரையாடலை 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் புகுத்தியது நல்ல முயற்சிதான். எனினும் அது எழுவினாக்களை (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை) சுருக்கலாமே தவிர, தொலைந்த ஆவணத்தைத் தேடித் தராது.

விரைவை நாடுவோர் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவை நாடுகின்றனர். சமாதானக் குலைவு ஏற்படலாம் என்ற நிலையில் பொலிசார் அறிக்கை இடுவர், அல்லது தரப்பினரே மனுச் செய்வர். விசாரணை மூன்று மாதங்களுக்குள் முடிய வேண்டும். ஆனால் இங்கே நீதிவான் பார்ப்பது உரிமையை அல்ல, ஆட்சியை, அதாவது காணி யார் கைவசம் இருக்கிறது என்பதை. தகவல் இடப்பட்ட நாளில் யார் இருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதே கேள்வி. வேலிச் சண்டைக்கு இந்த இரண்டு மாதம் பொருத்தமான அளவாகலாம். பதினைந்து ஆண்டுகள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் கழித்தவருக்கு அது மூடிய கதவு. இப்பிரிவு உள்ளே இருப்பவரின் பக்கம் சாய்ந்தே எழுதப்பட்டிருக்கிறது, வன்னியிலோ உள்ளே இருப்பவர் யார் என்பதைப் போரே தீர்மானித்தது.

இக்குறையைச் சட்டமியற்றுவோர் அறியாமல் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலவிதிப்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை வழக்குத் தொடர முடியாதிருந்தோருக்கு அக்காலத்தைக் கழித்துக் கணக்கிட இடம் கொடுத்தது. காலவிதிப்பின்படி, பிறரின் பத்தாண்டு ஆட்சியால் தனியார் உறுதிக் காணியை (உறுதிப்பத்திரமுள்ள சொந்தக் காணியை) இழக்கவிருந்தோருக்கு அது உதவியது. அரசுக்கு எதிராகக் காலவிதிப்பு ஓடுவதே இல்லை என்பதால், பெர்மிட் காணிக்காரரின் சிக்கலை அது தொடவில்லை.

இரு தரப்பையும் பேசி இணங்கவைக்கும் இணக்கசபையை நான் மற்றவர்களை விடச் சற்றுக் கூடுதலாகவே மதிக்கிறேன். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இச்சபையில் மூவர் அமர்கின்றனர், சட்டத்தரணி பேசுவதில்லை, செலவும் மிகக் குறைவு. தொடக்கத்தில் 25,000 ரூபாய் வரையான பிணக்குகள் முதலில் இங்கே வர வேண்டும் என்றிருந்த எல்லை 2016 இல் ஐந்து இலட்சமாக உயர்த்தப்பட்டது. எல்லைக் கதியால், பொதுக் கிணறு, வயலுக்குப் போகும் பாதை, கைமாற்றுக் கடன் ஆகியவற்றில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய அயலவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை. கிணறு திருத்திய செலவைக் கொடுத்துக் காணியை மீளப் பெறுவது, அல்லது காணியை இரண்டாகப் பிரிப்பது போன்ற முடிவுகளை நீதிமன்றத் தீர்ப்பில் எதிர்பார்ப்பது கடினம். இங்கே அவை இயல்பாக எழும்.

ஆனால் எழுந்த முடிவு நிற்குமா? அரசு ஒரு தரப்பாக இருக்கும் பிணக்கைச் சபை ஏற்பதில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் ஒப்புதலின்றிக் கைமாற்றவோ துண்டாடவோ இயலாது என்பதால், இரு குடும்பமும் மனமொத்துக் கையெழுத்திட்ட உடன்பாடு அடுத்த காணிக் கச்சேரியில் (அரசகாணி பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில்) வெறும் தாளாகிவிடலாம். ஒருவர் பின்னர் மறுத்தால், மற்றவர் அந்த உடன்பாட்டைத் தீர்ப்பாணை போலப் பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலர்) மூலம் நிறைவேற்றவும் முடியாது.

அப்படியென்றால் பிரதேச செயலகமே தீர்க்கட்டும் என்று சிலர் சொல்கின்றனர். அரசகாணி வழங்கல்களைப் பதிந்த பேரேடு அங்கேதான் இருக்கிறது என்பது உண்மை. ஆயினும் பெர்மிட் வழங்குபவரும், இரத்துச் செய்பவரும், 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளியேற்றல் அறிவித்தல் விடுபவரும் அதே அலுவலகமாக இருக்கையில், அதை நடுவர் என்பது கடினம்.

எனவே நான் விரும்பும் மாற்றம் புதிய கட்டடம் அல்ல. அரசகாணி பற்றிய இணக்கசபை அமர்வுக்குப் பிரதேச செயலகத்தின் காணி அலுவலர் பேரேட்டுடன் வர வேண்டும். உடன்பாடு எட்டினால் செயலாளர் குறித்த காலத்துக்குள் ஒப்புதலோ எழுத்தில் காரணமோ தர வேண்டும். பின்னர் மாவட்ட நீதிபதி அதைப் பார்வையிட்டுத் தீர்ப்பாணையாகப் பதிய வேண்டும்.

நீதிபதியின் பார்வையைச் சடங்கு என்று கருதலாகாது. தனியார் உறுதிக் காணியில் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட மணமான பெண், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தன் அசையாச் சொத்தைக் கைமாற்ற முடியாது. கணவன் காணாமல் ஆக்கப்பட்டவராயின் அச்சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி தரக்கூடியது மாவட்ட நீதிமன்றம் மட்டுமே. அந்த அனுமதி இல்லாத பெண்ணிடம் இணக்கசபை மேசையில் வாங்கும் கையெழுத்து அவளுடைய பங்கைக் காப்பாற்றாது, வாங்குபவருக்கும் உரித்தைத் தராது.