பேர் ஓடும், பாட்டு வராது

மும்பையில் பிள்ளைக்கு ஒரு எம்பி3 பிளேயர் வாங்கலாம் என்று லாமிங்டன் ரோட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகவும். 128 ஜிபி என்று எனக்கு விற்கப்பட்ட பிளேயரில் உண்மையில் இருந்தது 8 ஜிபிகூட இல்லை. இந்த ஏமாற்று வேலை கடையில் நிற்கும்போது தெரியாது, வீட்டுக்கு வந்த அன்றும் தெரியாது. தெரியவரும்போது கடைக்காரர் கைகழுவிவிட வசதியாக நாட்கள் ஓடிப்போயிருக்கும்.

மகளுக்குப் பத்து வயது. மாட்டுங்காவில் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். டீச்சர் ஒவ்வொரு பாடத்தையும் பாடி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பிவிடுவார். அதைக் கேட்க என் போனைக் கொடுத்தால் ஜண்டை வரிசையில் ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் ரீல்ஸில் போய் நிற்கும். சிம் இல்லாத பழைய போனைக் கொடுக்கலாமே என்பார்கள். வைஃபை ஓடும் வீட்டில் சிம் இல்லாத போனும் போன்தான். மைத்துனர் கார்வான் வாங்கச் சொன்னார், பழைய பாட்டுகளை ஏற்றியே விற்கிற சரிகமா நிறுவனத்தின் பெட்டி. பெரியவர்களுக்கு அருமையானது, மறுப்பில்லை. ஆனால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாடிப் பழகுகிற பிள்ளைக்கு அது தோதுப்படாது. பாட்டு மட்டும் பாடுகிற, சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கருவி, அவ்வளவுதான் தேவை.

அந்தச் சின்னக் கருவிதான் இப்போது கிடைப்பதில்லை. 2022 மே மாதம் ஐபாட் டச்சை நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்ததோடு ஐபாட் என்ற பாட்டுக் கருவி வகையே முடிந்துபோயிற்று. மேல்தட்டில் ஆடியோ ரசிகர்களுக்கான விலை உயர்ந்த பிளேயர்கள் இருக்கின்றன. கீழ்த்தட்டில் பெயர் இல்லாத சீன டப்பாக்கள். பிள்ளைக்கு வாங்குகிறவன் கீழ்த்தட்டுக்குத்தான் போவான் என்பது விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

லாமிங்டன் ரோட்டை மொத்தமாகக் குறை சொல்ல வரவில்லை. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் கம்ப்யூட்டர் பாகம், கேபிள், சால்டரிங் சாமான் என்று எதை வேண்டுமானாலும் நியாய விலையில் வாங்கலாம். நானே பல வருஷமாக அங்கேதான் வாங்குகிறேன். இந்தக் கடை மெயின் ரோட்டில் இல்லை, ஒரு கட்டடத்தின் உள்ளே, படிக்கட்டை ஒட்டி இருக்கிற கண்ணாடி கவுன்டர். கவுன்டரில் இருந்த இளைஞர் என் இந்தியைக் கேட்டதுமே ‘அண்ணா’ என்று ஆரம்பித்துவிட்டார். “ஐபாட் ஹீ சமஜ் லோ அண்ணா, ஏ-ஒன் மால்.” ஐபாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், முதல் தரச் சரக்கு என்கிறார். உலோக உடம்பு, புளூடூத், தொடுதிரை. டப்பாவில் கொட்டை எழுத்தில் 128 ஜிபி. மூவாயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்து இரண்டாயிரத்து நானூறுக்கு இறங்கி வந்தார். பக்கா பில் கேட்டேன். ஜிஎஸ்டி பதினெட்டு பர்சன்ட் மேலே ஆகும் என்றார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் ‘எம்பி3 - 1 பீஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பணம் யுபிஐயில் போயிற்று. போனில் தெரிந்த பெயர் ஒரு தனி ஆளுடையது. வாரண்டி என்றதற்கு ‘செக்கிங் வாரண்டி’ என்றார். அதாவது, கடையில் ஒரு பாட்டு ஓடினால் அத்தோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. பாட்டும் ஓடியது.

வீட்டில் முதல் வேலை, வாய்ஸ் நோட்டுகளை மாற்றுவது. வாட்ஸ்அப் அவற்றை ஓபஸ் என்ற வடிவத்தில் வைத்திருக்கும். சாதாரண பிளேயர்களுக்கு அது புரியாது, எம்பி3 ஆக மாற்றியாக வேண்டும். எல்லாம் ஓடும் என்று கடையில் சொன்னது முதல் பொய், ஆனாலும் சின்னப் பொய். தமிழில் வைத்திருந்த கோப்புப் பெயர்கள் திரையில் கட்டம் கட்டமாக வந்தன. தமிழ் எழுத்துரு இல்லை. சரி, ஆங்கில எழுத்தில் பெயரை மாற்றினேன். அப்புறம் மாமனார் தன் கச்சேரி சிடிக்களைத் தரம் குறையாமல் ஃபிளாக் கோப்புகளாக மாற்றி வைத்திருந்தது இருபது ஜிபிக்கு மேல் இருந்தது. பேத்திக்கு எல்லாம் வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதை முதலில் ஏற்றி, சினிமாப் பாட்டுகளை அடுத்து ஏற்றி, டீச்சர் பாடங்களைக் கடைசியில் ஏற்றினேன். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை எதிர்ப்புச் சொல்லவில்லை. இன்னும் தொண்ணூறு ஜிபி காலி என்று வேறு காட்டியது.

அன்று இரவு ஆரம்பத்தில் இருந்த கச்சேரிகள் கணீரென்று பாடின. மாமனார் காதில் மாட்டிக்கொண்டு கழற்றவேயில்லை. பாடங்களை மகள் போட்டுப் பார்த்தது சில நாள் கழித்துத்தான். “அப்பா, பேர் ஓடுது, டீச்சர் பாடல” என்றாள். பட்டியலில் பெயர்கள் வரிசையாக இருந்தன, நிமிஷக் கணக்கு நகர்ந்தது, சத்தம் இல்லை. சில கோப்புகளுக்கு ‘ஃபார்மட் எரர்’ என்று வந்தது. கம்ப்யூட்டரில் இருந்த அதே கோப்புகள் சுத்தமாகப் பாடின.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடலாம். இந்தப் பிளேயரில் பாட்டு உட்காருவது ஒரு மெமரி கார்டில். அந்தக் கார்டுக்குள் ஒரு குட்டிக் கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. ‘உன்னிடம் எவ்வளவு இடம்?’ என்று கம்ப்யூட்டர் கேட்டால் பதில் சொல்வது அதுதான். அந்தப் பதிலை மாற்றி எழுதிவிடலாம். 8 ஜிபி கார்டை 128 என்று சொல்ல வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் பொதுவாகக் கார்டின் ஆரம்பப் பகுதியில் எழுதப்படுகிறது, அங்கே நிஜமான இடம் இருக்கிறது, அதனால் பெயர்கள் பத்திரமாக இருக்கும். எட்டு ஜிபிக்குப் பிறகு வருகிற பாட்டெல்லாம் காற்றில் போகும். எட்டு அறை மட்டும் கட்டிய கல்யாண மண்டபத்தில் நூற்றிருபத்தெட்டு அறைக்குப் பதிவேடு வைத்து ஆள் சேர்ப்பது போல. சில கார்டுகள் இன்னும் மோசம்: இடம் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்து, பழையதையும் சேர்த்து அழித்துவிடும்.

சோதிக்க நம்பகமான வழி, முழுக்க நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் இதைச் செய்யும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. எனக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ சொன்ன கணக்கில் நல்ல இடம் 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு, மிச்சமெல்லாம் நஷ்டம். நிரல் எதுவும் வேண்டாம் என்றால் பெரிய வீடியோ கோப்புகளால் நிரப்பி, கார்டைக் கழற்றி மறுபடி மாட்டி, கடைசியாக ஏற்றியதை ஓட்டிப் பாருங்கள். ஒரு 128 ஜிபி கார்டை நிரப்ப மணிக்கணக்கில் ஆகும். அதனால்தான் கடை கவுன்டரில் இந்தச் சோதனை நடக்காது, அதனால்தான் ‘செக்கிங் வாரண்டி’ அவர்களுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. இன்னொன்று, விண்டோஸில் நிஜமான 128 ஜிபி கார்டு சுமார் 119 என்றுதான் காட்டும். அது மோசடி இல்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நான்கால் எண்ணுகிறது. அதை வைத்துக் கடையில் சண்டை போடாதீர்கள்.

டப்பாவுக்குள் கட்டைவிரல் அகலத்தில் மடித்து வைத்த ஒரு காகிதம் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில், இந்தக் கருவி 32 ஜிபி வரையிலான கார்டை மட்டுமே ஏற்கும் என்று அதிலேயே போட்டிருக்கிறது! வெளியே 128, உள்ளே 32, நிஜத்தில் 8. அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து வைத்தேன், பின்னால் அதுதான் கைகொடுத்தது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2001-இல் வந்த முதல் ஐபாடில் இருந்தது 5 ஜிபி. ‘ஆயிரம் பாட்டு உங்கள் பையில்’ என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிஷத்துக்குச் சுமார் ஒரு எம்பி பிடிக்கும். நிஜமான 8 ஜிபியில் நூறு மணி நேரத்துக்கு மேல் பாட்டு அடங்கும். பிள்ளைக்கு 128 தேவையே இல்லை. நேர்மையாக 8 என்று போட்டு ஆயிரம் ரூபாய்க்கு விற்றிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

திரும்பக் கொண்டுபோனபோது அதே இளைஞர், அதே சிரிப்பு. “பச்சீ நே கிராயா ஹோகா.” குழந்தை கீழே போட்டிருக்குமாம். கீழே விழுந்தால் 128 எட்டாகுமா என்று கேட்டேன். கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்றார். எந்தக் கம்பெனி? டப்பாவில் இறக்குமதி செய்தவர் பெயரோ முகவரியோ, எம்ஆர்பியோ, தயாரித்த மாதம் வருஷமோ எதுவும் கிடையாது. பொட்டலமாக விற்கும் இறக்குமதிப் பொருளில் இவை இருந்தே ஆக வேண்டும் என்பது சட்ட அளவியல் விதி. பிளேயர் வாங்கும்போது பாட்டுத் தரத்தைக் கேட்பதற்கு முன்னால் டப்பாவைத் திருப்பி இதைப் பாருங்கள். இல்லையென்றால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். மரியாதையாகப் பேசினார்கள், பதிவெண் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் சமரசம் பேசுகிறவர்கள், தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை. பெரிய நிறுவனம் என்றால் வேலை நடக்கும். படிக்கட்டுக் கடைக்கு யாரை அழைப்பார்கள்? கடைசியில் வேலை செய்தது ஒரு கடிதம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பில் கொடுக்காததை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே, பில்லில் கெடு எதுவும் எழுதவில்லை என்றால் முப்பது நாளுக்குள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, யுபிஐ ரசீது, சோதனை முடிவு, அந்தக் கட்டைவிரல் காகிதம் மூன்றின் படத்தையும் இணைத்து, கவுன்டரில் வைத்தேன். இளைஞர் உள்ளே போய் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார். பெரியவர் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். ஒன்றும் பேசாமல் இரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். நானூறு, டப்பா பிரித்ததற்காம். அந்த நானூறுக்காகவும் போராடியிருக்கலாம். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

இப்போது மகளிடம் இருப்பது சோனியின் குரல் பதிவுக் கருவி. எம்பி3 பாடும், ஒரு வரியின் ஆரம்பத்தையும் முடிவையும் குறித்துவிட்டால் அதையே திருப்பித் திருப்பிப் பாடும், வேகத்தைக் குறைக்கலாம், வகுப்பையும் அதிலேயே பதிவு செய்துகொள்ளலாம். சொந்த நினைவகம் 4 ஜிபிதான். பாட்டுக் கற்கிற பிள்ளைக்குப் பளபளப்பான பிளேயரைவிட இதுதான் சரி என்பது என் முடிவு. ஷோரூமில் பக்கா பில்லோடு வாங்கினேன், அதையும் நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தேன். ஹெட்ஃபோன் மட்டும் ஒலி அளவு கட்டுப்படுத்திய குழந்தைகள் வகை. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். அந்தப் பழைய டப்பாவில் ஒலிக்கு உச்சவரம்பு வைக்கிற வசதியே இல்லை, இலவசமாகத் தந்த இயர்ஃபோன் அலறியது.

போன வாரம் கேபிள் வாங்கப் போன நண்பர் அதே கவுன்டரில் அதே மாடலைப் பார்த்திருக்கிறார். இப்போது 256 ஜிபி என்று போட்டிருக்கிறதாம்.

மாட்டுங்கா, சயான் பக்கம் இருப்பவர்கள் யாராவது ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கியிருந்தால் முப்பது நாள் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால் கொண்டு வாருங்கள், ராத்திரி என் லேப்டாப்பில் போட்டு வைக்கிறேன், காலையில் முடிவு தெரிந்துவிடும். கடிதத்தின் மாதிரியும் தருகிறேன்.