பாரிசில் மூன்று ஆண்டுகள், மூன்று அறைகள்: ஒரு மாணவனின் வாடகை அனுபவம்

பாரிசில் வாடகைக்கு அறை கேட்டுப் போனால் வரும் முதல் கேள்வி, "உங்களுக்கு ஜாமீன் யார்?" என்பதுதான். எத்தனை நாள் தங்குவீர்கள், என்ன படிக்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. 2021 செப்டம்பரில் முதுநிலைப் படிப்புக்காகத் திருச்சியிலிருந்து கிளம்பியபோது இது எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாக இணையத்தில் அறைகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். ஜாமீனைப் பற்றி யோசிக்கவே இல்லை. 2024 ஜூனில் ஊர் திரும்பும் வரை அங்கே மூன்று அறைகளில் இருந்தேன். அந்த அனுபவத்தை, அடுத்த செப்டம்பரில் பெட்டி கட்டப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போவதற்கு முன்பே, நகருக்குள் பாஸ்தீய் என்ற பகுதி அருகே 25 சதுர மீட்டர் வீடு, மாதம் 480 யூரோ என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. உரிமையாளர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதாகவும், முன்பதிவுக்கு 300 யூரோ அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் எழுதினார். "சாவி கையில் வராமல் யாராவது பணம் கொடுப்பார்களா?" என்று அப்பா கேட்டார். அவசரத்தில் நான் கேட்கவில்லை. பணம் போனது, மறுநாளே விளம்பரமும் காணாமல் போனது. அந்தப் பகுதியில் அந்த அளவு வீடு அந்த வாடகைக்குக் கிடைக்கவே கிடைக்காது என்பது பாரிஸ் வாசி யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே நொடியில் தெரிந்திருக்கும். வீட்டை நேரில் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல் ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள். நீங்கள் போக முடியாவிட்டால் அங்கிருக்கும் சீனியர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஜாமீன். வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் வாங்கும் ஒருவர், நீங்கள் கட்டத் தவறினால் நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத வழக்கம். அப்பாவின் சம்பளச் சான்றை மொழிபெயர்த்துக் கொண்டுபோனேன். நான் ஏறி இறங்கிய நான்கு ஏஜென்சிகளிலும் பிரான்சில் வசிப்பவர்தான் வேண்டும் என்றார்கள். ஜாமீன் தருபவர் பிரெஞ்சுக் குடிமகன் இல்லை என்பதற்காகவோ, பிரான்சில் வசிக்கவில்லை என்பதற்காகவோ அவரை மறுக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை எடுத்துச் சொன்னால் யாரும் வாதாடவில்லை. அத்துடன் பதில் வருவது நின்றுவிட்டது. ஒரு அறைக்கு முப்பது பேர் வரிசையில் நிற்கும் ஊரில் காரணம் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

இதற்கு வழி 'விசால்'. ஆக்சியோன் லோஜ்மோன் என்ற அமைப்பு நடத்தும் இலவச ஜாமீன் திட்டம் இது. 30 வயதுவரை உள்ள மாணவர்கள் இணையத்தில் விண்ணப்பித்துச் சான்று வாங்கலாம். மாணவர் விசா இருந்தால் நமக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அந்தச் சான்று கையில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஏற்காத உரிமையாளர்களும் இருக்கிறார்கள், ஆனாலும் எனக்கு இரண்டாவது அறை கிடைத்தது இதனால்தான். கூடவே, வாடகைக் கோப்பைத் தயாரிக்க 'தோசியே ஃபசில்' என்ற அரசு சேவை இருக்கிறது. பாஸ்போர்ட், கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், உதவித்தொகை விவரம் எல்லாவற்றையும் அதில் ஏற்றினால், நகலின் மேல் 'வாடகைக்கு மட்டும்' என்ற பொருளில் நீர்க்குறியிட்டு ஒரே கோப்பாகத் தருகிறது. முகம் தெரியாதவர்களுக்கு பாஸ்போர்ட் நகலை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு அந்த நீர்க்குறி பெரிய நிம்மதி.

இதெல்லாம் தெரியாத முதல் செப்டம்பரில் என்னைக் காப்பாற்றியது லாச்சப்பல். பாரிசின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி அது. மளிகைக் கடை ஒன்றின் கண்ணாடியில் 'அறை வாடகைக்கு, மாணவர்கள் விரும்பத்தக்கது' என்று கையால் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீடு லாகூர்நெவ் என்ற புறநகரில். வீட்டுக்கார அக்காவும் அண்ணனும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து பல வருடம் ஆனவர்கள். அறை சிறியது, பிள்ளைகளின் சைக்கிள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அக்கா முதல் நாளே தன் அடையாள அட்டை நகலையும் மின்கட்டண ரசீதையும் எடுத்து வைத்து, 'இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட்டார். "இந்தக் கடிதம் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது தம்பி, பத்திரமாக வைத்துக்கொள்ளும்" என்றார். வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வந்த மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டிய விசா பதிவு எல்லாம் அந்த ஒற்றைத் தாளில் நடந்தன. அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், முகவரிச் சான்று தர முடியாது என்று சொல்லும் இடத்தை எடுக்காதீர்கள். என்னுடன் படித்த ஒருவர் அப்படி ஒரு அறையை எடுத்து, நவம்பர் வரை வங்கிக் கணக்கு இல்லாமல் திண்டாடினார்.

2022 கோடையில் நகருக்குள் தேட ஆரம்பித்தேன். அக்கா வீட்டிலிருந்து ஆர்.இ.ஆர் 'பி' என்ற புறநகர் ரயிலில் கல்லூரிக்குப் போய் வருவதில் தினமும் இரண்டு மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. மாணவர் கைக்கு எட்டுவது பெரும்பாலும் 'சாம்ப்ர் த பொன்', அதாவது பணிப்பெண் அறை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மாடிக் கட்டடங்களில் கூரைக்கு அடியில் வேலைக்காரர்களைத் தங்கவைத்த அறைகள் இவை. முன்வாசலில் கம்பளம் விரித்த படிக்கட்டும் லிஃப்டும் இருக்கும். நமக்கு முற்றத்தைத் தாண்டிப் பின்னால் இருக்கும் குறுகலான வளைபடிதான்.

அம்மா தன் தையல் பெட்டியிலிருந்து ஒரு இஞ்ச் டேப்பைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. பாரிசின் பதினைந்தாம் வட்டாரத்தில் (நகரின் நிர்வாகப் பகுதிகளுக்கு அங்கே எண்தான் பெயர்) ஓர் அறையைப் பார்க்கப் போனபோது அது பையில் இருந்தது. விளம்பரத்தில் 11 சதுர மீட்டர் என்று போட்டிருந்தார்கள். உள்ளே போனால் ஒரு பக்கம் கூரை சரிந்து இறங்குகிறது. சன்னல் பக்கம் நடந்தால் தலை இடிக்கிறது. கூரை 1.80 மீட்டருக்குக் கீழே இறங்கும் இடத்தை வசிக்கும் பரப்பில் சேர்க்கக் கூடாது என்று படித்திருந்தேன். சுவரோரம் மண்டியிட்டு, கூரை 1.80 மீட்டரைத் தொடும் இடத்தில் தரையில் சாக்பீசால் கோடு போட்டு, அங்கிருந்து எதிர்ச் சுவர் வரை அளந்தேன். கதவோரம் நின்ற ஏஜென்ட் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். பெருக்கினால் எட்டரை சதுர மீட்டர்கூட வரவில்லை. 2.20 மீட்டர் உயரத்துடன் 9 சதுர மீட்டர், அல்லது 20 கன மீட்டர் இடம் இருந்தால்தான் ஓர் அறையை வாடகைக்கு விட முடியும். கன அளவும் போதவில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

கடைசியில் அமைந்தது பதின்மூன்றாம் வட்டாரத்தில், ஆறாவது மாடியில். அளந்து பார்த்துத் திருப்தியான 10 சதுர மீட்டர், மாதம் 510 யூரோ, இரண்டு மாத முன்பணம். சாமான்களோடு விடும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. ஒப்பந்த வரைவில், பாரிசில் வாடகைக்கு அரசு விதித்திருந்த உச்சவரம்புக்கு மேல் 'கூடுதல் வாடகை' என்று 60 யூரோ தனியாகப் போட்டிருந்தார்கள். கழிவறை அறைக்கு வெளியே, மாடிப் பொதுநடையில் இருந்தால் இப்படிக் கூடுதல் தொகை வாங்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் சட்டம் வந்திருந்தது. என் அறைக்குக் கழிவறை பொதுநடையில்தான். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அந்த வரியை நீக்கிப் புதிய ஒப்பந்தம் அனுப்பினார்கள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் தெரிந்து கேட்பதற்குச் செலவில்லை.

அந்த அறையில் முழுதாக ஓராண்டு இருந்தேன். அக்டோபரில் அழகாகத்தான் இருந்தது. சின்ன சன்னலைத் திறந்தால் சாம்பல் நிறத் துத்தநாகக் கூரைகள் வரிசையாகத் தெரியும். சனவரியில் நடு இரவில் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் சாவியோடு நடையின் கோடியிலுள்ள கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது; நான்கு அறைக்கு அது ஒன்றுதான். மின் கணப்பையும் மின் அடுப்பையும் ஒரே நேரத்தில் போட்டால் மின்சாரம் துண்டித்துக்கொள்ளும். அதனால் கணப்பை அணைத்துவிட்டுச் சோறு வைப்பேன். குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் அறை குளிர்ந்துவிடும், சன்னல் கண்ணாடியில் நீர் வழியும். ஜூனில் நேர்மாறு. 30 டிகிரியைத் தாண்டிய நாட்களில் கூரைத் தகடு காய்ந்து, இரவு பதினோரு மணிக்கும் அறை அடுப்பங்கரையாகவே இருந்தது. தேர்வுக்குப் படித்ததெல்லாம் நூலகத்தில்தான். அறை பார்க்கப் போகும்போது கணப்பு எங்கே இருக்கிறது, சன்னல் எந்தத் திசையில் திறக்கிறது, கழிவறை எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். விளம்பரப் படங்களில் இவை ஒருபோதும் வருவதில்லை.

குடியேறும் நாளில் அறையின் நிலையை இரு தரப்பும் சேர்ந்து எழுதும் படிவம் ஒன்று உண்டு. 'எத்தா தே லியூ' என்பார்கள். நாள் முழுக்கப் பெட்டி சுமந்த களைப்பில் பலர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு விரிசல் இருந்தது; அதை எழுதச் சொல்லி, படமும் எடுத்துவைத்தேன். ஓராண்டு கழித்துக் காலி செய்தபோது அதே விரிசலுக்காக 280 யூரோ பிடிப்பதாகக் கடிதம் வந்தது. பாரிசில் அடில் என்ற இலவச வீட்டுவசதி ஆலோசனை மையம் இருக்கிறது. அங்கிருந்தவர் என் படிவத்தைப் பார்த்துவிட்டு, அறையின் நிலை மாறவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் முன்பணம் முழுதும் வர வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகையில் 10 சதவீதம் சேர வேண்டும் என்றார். அதையே பதிவுத் தபாலில் எழுதினேன். மூன்று வாரத்தில் முழுத் தொகையும் வந்தது.

காஃப் என்ற அரசு அலுவலகம் தரும் வாடகை உதவியைப் பற்றிச் சுருக்கமாக: எனக்குக் கிடைத்தது, வாடகையில் கணிசமான பங்கு குறைந்தது. பிறப்புச் சான்றையும் அதன் மொழிபெயர்ப்பையும் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். குடியேறிய மாதத்துக்கு உதவி கிடையாது, அடுத்த மாதத்திலிருந்துதான் கணக்கு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்த உதவியின் விதிகள் நான் இருந்த காலத்துக்குப் பிறகு மாறியிருக்கலாம், உங்களுக்கு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். ஆகவே உங்கள் பட்ஜெட்டில் இதை நம்பி வாடகையைத் தீர்மானிக்காதீர்கள்.

மூன்றாம் ஆண்டு சிதே யுனிவெர்சித்தேரில் இடம் கிடைத்தது. 1925இல் தொடங்கிய மாணவர் வளாகம் அது. மொன்சூரி பூங்காவுக்கு எதிரே, மரங்களுக்கு நடுவே நாற்பதுக்கும் மேற்பட்ட இல்லங்கள். சண்டிகரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் சுவிஸ் இல்லம் இருக்கிறது. 1968 முதல் இந்திய இல்லமும் இருக்கிறது. ஓர் இல்லத்தில் ஒரே நாட்டவர் மட்டும் அடைந்துகிடக்காதபடி மாணவர்களை மாற்றி மாற்றி அமர்த்துகிறார்கள். எனக்குக் கிடைத்தது வேறொரு நாட்டின் இல்லம். என் தளத்துப் பொதுச் சமையலறையில் மொராக்கோ நண்பன் ஒருவனும் நானும் ஒரே சீரகத்தைப் பகிர்ந்து சமைத்தோம். சூடான அறை, அறைக்குள்ளேயே குளியல், ஜாமீன் தேடி அலைச்சல் இல்லை. மூன்றில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். விண்ணப்பத்தை வசந்தத்திலேயே, சேர்க்கைக் கடிதம் வந்த கையோடு அனுப்பிவிடுங்கள். முதல் ஆண்டு நான் ஆகஸ்டில்தான் பார்த்தேன், எல்லாம் நிரம்பியிருந்தது.

ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒன்று. சாமான்களோடு எடுத்த வீட்டுக்கு ஒரு மாத முன்னறிவிப்புப் போதும். காஃப், மின்சாரம், வீட்டுக் காப்பீடு மூன்றுக்கும் காலி செய்யும் தேதியைத் தெரிவியுங்கள். முன்பணம் வந்து சேரும்வரை பிரெஞ்சு வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.